எண்ணூரில் எந்தப் பக்கம் ஓடுவது?

2023 டிசம்பர் 26 காலை. சுனாமி வந்துபோய்ப் பத்தொன்பது ஆண்டுகள். காசிமேட்டில் கடலில் பால் ஊற்றி, பூத் தூவி, போனவர்களை நினைத்து அழுதார்கள். அன்று நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்தார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. சைரன் எதுவும் கேட்கவில்லை என்று மக்கள் சொன்னார்கள். ஒருவர் கதவை ஒருவர் தட்டி எழுப்பினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறினார்கள். ஏறக்குறைய ஐம்பது பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

சுனாமி இந்தக் கரைக்குக் கற்றுத்தந்தது, கடலுக்கு முதுகு காட்டி மேற்கே ஓடு என்பதை. வாயுவிடம் அது செல்லாது. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே போக வேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ள வேண்டும். அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் நனைத்த துண்டு ஓரளவு காக்கும். இவ்வளவுதான் விஷயம். இதை அந்தக் குப்பங்களில் எத்தனை வீடுகளுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? உலகம் அழியப்போகிறதா என்று பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

உலக முடிவு வடசென்னைக்குப் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்டதில் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. தாக்குதல் சில நிமிடங்கள்தான். நகரமோ மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. யாருக்கும் அடங்காத ஆளை இன்றும் 'எம்டன்' என்கிறோமே, அந்தப் பயத்தின் மிச்சம் அது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று அரசு அலுவலகங்களே வெளியூர் போயின. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடியபோது நாடெங்கும் யாகமும் பஜனையும் நடந்தன. 1979 ஜூலையில் ஸ்கைலாப் தலையில் விழும் என்று நடுங்கினோம். அது மேற்கு ஆஸ்திரேலியாவில் போய்ச் சிதறியது.

அந்தப் பயங்களுக்கெல்லாம் ஒரு கெடு இருந்தது. நாள் கடந்ததும் மூட்டையை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போகலாம். ஓடுவதையும் வேண்டிக்கொள்வதையும் தவிர நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. எண்ணூரின் பயத்துக்கு நாள் குறித்துத் தர முடியாது. ஆனால் அது எந்தக் குழாயில், எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டலாம். இந்த வித்தியாசம் பெரிது.

அமெரிக்காவின் அணு விஞ்ஞானிகள் 1947 முதல் ஓர் ஊழிக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் நள்ளிரவுக்கு 7 நிமிடம் இருந்தது; 2025 ஜனவரியில் 89 விநாடி. அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனாலும் அந்த முள்ளைப் பார்க்கிறவர் பெருமூச்சு விடலாம், வேறென்ன செய்வார்? ஓசோன் படலத்தில் ஓட்டை என்று 1985-இல் தெரிந்தபோது நடந்தது வேறு. குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்தான் காரணம் என்று சுட்ட முடிந்தது. 1987-இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தானது. படலம் மெல்லத் தேறிவருகிறது. குற்றவாளி இன்னது என்று தெரிந்த பயம் வேலை வாங்கும்.

வடசென்னையில் அழிவு மெதுவாகவும் வரும். நம் கரையோரம் மணல் பெரும்பாலும் வடக்கு நோக்கி நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்க உட்காரும் மணலில் ஒரு பங்கு, ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போயிருக்க வேண்டியது. அங்கே மணலுக்குப் பதில் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறோம்.

எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலை ஆற்றில் இன்னொரு கதை. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து உடைந்து ஆற்றின் அடிமட்டம் மேடாகிவிட்டது. சேற்றில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறவர்களுக்கு அந்த அடிமட்டம்தான் வயல். அதன் மேல் இப்போது 'காக்கா ஆழி' பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கிறது. தென் அமெரிக்கச் சிப்பி. கப்பல்கள் வழியே வந்ததாகக் கருதப்படுகிறது. இறாலுக்கு இடமில்லை, இறங்குகிறவர் கைகாலைக் கிழிக்கிறது. 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இதற்கும் மேல் படிந்தது. கூழைக்கடாக்கள் கறுத்து நின்றன. 2017-இல் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளினோமே, ஆறு ஆண்டு கழித்தும் மீனவர்கள் படகில் போய்க் கையால்தான் அள்ளினார்கள். மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

இந்த ஆறு காகிதத்திலும் ஒருமுறை அழிந்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம் பிற்பாடு வந்த ஒரு வரைபடத்தில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய காகிதங்களை வைத்துச் செயற்பாட்டாளர்கள் 2017-இல் அதை வெளியே கொண்டுவந்தார்கள். நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்ற விரக்தி, குழாய்க்குச் சொந்தக்காரரை நிம்மதியாகத் தூங்க விடுகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்தின் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு முறையும் மீனவர்களின் எதிர்ப்பு வலுவாக இருந்தது. அந்த மீனவர்களிடம் உலகம் பிழைக்குமா என்று யாரும் கேட்கவில்லை. ஆறு பிழைக்க வேண்டும் என்று அவர்களாகவே வந்து சொன்னார்கள்.

உர ஆலையை நிரந்தரமாக மூடக் கேட்டு மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆலை 2024-இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இயங்குகிறது என்றால், போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு வந்த 1989-ஆம் ஆண்டு அபாய ரசாயன விதிகளும் கூடவே இயங்க வேண்டும். ஆபத்து எது, வந்தால் என்ன செய்வது என்று சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆலைக்கு வெளியிலான அவசரத் திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்கின்றன அவை.

அந்த ஒத்திகையை டிசம்பர் 26-இல் வைக்கலாம். கடலில் பால் ஊற்றி முடித்ததும் ஒவ்வொரு குப்பத்திலும் சைரன் ஒலிக்கட்டும். காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் எல்லோர் கண்ணுக்கும் படும் கம்பத்தில் பறக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் துண்டை நனைத்து மூக்கில் பொத்திக்கொண்டு, அண்ணாந்து அந்தத் துணியைப் பார்த்துவிட்டு, அதற்குக் குறுக்கே நடந்து பழகட்டும். செலவை, அமோனியாவைச் சேமித்து வைத்திருப்பவர்கள் ஏற்கட்டும்.