கேம் மட்டும் மாத்தினா புல்லட் பறக்குமா?

வண்டலூர்ல இருந்து தாம்பரம் போறதுக்குள்ள நண்பனோட பழைய புல்லட் 500 ஏழு தடவை ஆஃப் ஆச்சு. எல்லாம் 'ரேஸ் கேம்' போட்ட புண்ணியம். செமஸ்டர் ஃபீஸுக்கு வெச்சிருந்த காசு அது. மாட்டிவிட்டவர் சொன்ன சமாதானம்: "ஓட ஓட செட் ஆயிடும் தம்பி."

ஆகாதுங்க. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இன்ஜின் எதுக்குன்னு கேக்காதீங்க, இதுல இருக்கிறது வெறும் கழித்தல் வகுத்தல்தான்.

அந்த வார்ப்பிரும்பு இன்ஜினோட ஸ்ட்ரோக் 90 மி.மீ., கம்ப்ரஷன் 6.5. ஆனா பிஸ்டன் அடிமட்டத்துல இருந்தே அமுக்கினாத்தான் அந்த 6.5. நிஜத்துல இன்டேக் வால்வு மூடின பிறகுதான் அமுக்கமே ஆரம்பிக்கும். எப்ப மூடணும்னு முடிவு பண்றது கேம். பேச்சுக்கு, அடிமட்டம் தாண்டி 40 டிகிரியில மூடுதுன்னா பிஸ்டன் சுமார் 8 மி.மீ. ஏறியிருக்கும், கைக்கு வர்ற கம்ப்ரஷன் ஏறத்தாழ 6. ரேஸ் கேம் 70 டிகிரி வரைக்கும் திறந்து வெச்சா 24 மி.மீ. போச்சு, மிச்சம் 5தான்! மெதுவா ஓடும்போது உள்ள வந்த கலவையை பிஸ்டனே கார்புரேட்டர் பக்கம் திருப்பித் தள்ளிடும். ஆர்பிஎம் ஏறினா கலவை வர்ற வேகத்துலயே உள்ள நுழையும், அப்பதான் லாபம். ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்ல அந்த ஆர்பிஎம்முக்கு எங்க போறது?

இதே டைமிங்கை 2009ல வந்த கிளாசிக் 500 மாதிரி 8.5 கம்ப்ரஷன் இன்ஜின்ல போட்டுப் பாருங்க, 6.5 கிட்ட நிக்கும். ஆக கேம் தனி சரக்கு இல்ல, பிஸ்டனோட சேர்ந்த ஜோடி.

மூணாவது கூட்டாளியும் உண்டு. ஆட்டோமேட்டிக் கார்ல டார்க் கன்வர்ட்டர். பிரேக்கை மிதிச்சு ஃபுல் த்ராட்டில் கொடுத்தா இன்ஜின் எந்த ஆர்பிஎம்ல முட்டி நிக்குதோ, அதுதான் ஸ்டால் ஸ்பீடு. அது 2000, கேம் முழிக்கிறது 3000ன்னா, சிக்னல்ல கார் தூங்கும். புல்லட்ல அந்த வேலையை நம்ம இடது கை கிளட்ச்சை நழுவவிட்டு செய்யுது. நண்பன் செஞ்சான். இப்போ கிளட்ச் பிளேட்டும் காலி :(

அதனால பார்ட்ஸ் விக்கிற அண்ணன்கள்கிட்ட மூணே கேள்வி கேளுங்க: வால்வு எத்தனை டிகிரியில மூடும்? அதுக்கு எவ்வளவு கம்ப்ரஷன் வேணும்? எந்த ஆர்பிஎம்ல இழுக்க ஆரம்பிக்கும்? பதில் வரலைன்னா பர்ஸை மூடிட்டு நடையைக் கட்டுங்க. கம்பெனி கேம் போட்ட வண்டியாவது காலேஜ் போய்ச் சேரும்!