வேகத்திற்காக இந்தப் பூட்டைக் கழற்றாதீர்கள்

செகண்ட் ஹேண்டில் பழைய கோர் ஐ5 கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனை ஒன்று உண்டு. "மெல்ட்டவுன் பாதுகாப்பை ஆஃப் செய்துவிடுங்கள், சிஸ்டம் பறக்கும்" என்பதுதான் அது. இதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. ஏன் என்று புரிய, மெமரியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரவுசரில் பாட்டு கேட்டுக்கொண்டே வேர்டில் கடிதம் டைப் செய்கிறீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடுவது போலத் தோன்றும். உண்மையில் புராசஸரின் ஒவ்வொரு கோரும் இதற்குக் கொஞ்ச நேரம், அதற்குக் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி உழைக்கிறது. மாற்றிவிடும் பொறுப்பு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுடையது. புரோகிராம் மாறும்போது மெமரியும் மாற வேண்டும். அதற்காக ரேமில் இருப்பதை அள்ளி வெளியே வைப்பதில்லை. விலாசப் புத்தகத்தை மட்டும் மாற்றுகிறார்கள்.

"12, வடக்குத் தெரு" மதுரையிலும் இருக்கும், தஞ்சாவூரிலும் இருக்கும். விலாசம் ஒன்று, வீடு வேறு. அதேபோல பிரவுசரும் வேர்டும் ஒரே எண்ணுள்ள மெமரி இடத்தைக் கேட்கலாம். ரேமில் இரண்டுக்கும் வெவ்வேறு இடம் கிடைக்கும். எந்த எண் ரேமில் எங்கே இருக்கிறது என்று 4 கிலோபைட் துண்டுகளாகக் குறித்து வைக்கும் பட்டியலுக்கு பேஜ் டேபிள் என்று பெயர். ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி பேஜ் டேபிள் உண்டு. எது இப்போது நடப்பில் உள்ளது என்பதை புராசஸரில் உள்ள சிஆர்3 என்ற ரிஜிஸ்டர் சொல்லும். கெர்னல் அதில் புது மதிப்பை எழுதிய மறுகணம் ஊரே மாறிவிடும். பிரவுசரில் இருக்கும் உங்கள் பாஸ்வேர்டை வேர்டு தொட முடியாது. அந்த வீட்டுக்குப் போகும் வழி அதன் புத்தகத்திலேயே இல்லை. (விண்டோஸ் 95-இல் 2 ஜிபி முதல் 3 ஜிபி வரையிலான விலாசங்கள் எல்லா புரோகிராம்களுக்கும் பொதுவாக இருந்தன. ஒரு புரோகிராம் அங்கே கண்டதை எழுதினால் மொத்த சிஸ்டமும் படுத்துவிடும்.)

இந்த மாற்றத்திற்கு ஒரு செலவு உண்டு. அடிக்கடி தேவைப்படும் விலாசங்களை புராசஸர் டிஎல்பி என்ற சின்ன இடத்தில் ஞாபகம் வைத்திருக்கும், பழகிய தபால்காரர் போல. ஊர் மாறினால் அந்த ஞாபகம் உதவாது. பின்னால் வந்த புராசஸர்களில் பிசிஐடி என்ற வசதி வந்தது. விலாசத்தோடு பின்கோடையும் சேர்த்து ஞாபகம் வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மறக்கத் தேவையில்லை.

செலவை மிச்சம் பிடிக்க இன்னொரு வழியும் பல ஆண்டுகள் நடப்பில் இருந்தது. கெர்னலின் விலாசங்களையும் எல்லா பேஜ் டேபிள்களிலும் சேர்த்து, 'அனுமதி இல்லை' என்று குறி மட்டும் போட்டு வைத்தார்கள். ஒரு ஃபைலைத் திறக்க புரோகிராம் கெர்னலைக் கூப்பிடும்போது சிஆர்3-ஐத் தொட வேண்டியதில்லை.

2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன் ஆராய்ச்சி, அந்தக் குறியை நம்ப முடியாது என்று காட்டியது. அன்றைய இன்டெல் புராசஸர்களில் பெரும்பாலானவை, அனுமதி உண்டா என்று முடிவாவதற்கு முன்பே மதிப்பை எடுத்து அடுத்த வேலையைத் தொடங்கிவிடும். பிறகு ரத்து செய்தாலும் கேஷ் மெமரியில் தடயம் தங்கும். அதை நேரம் அளந்து படித்துவிடலாம். ஃபயர்பாக்ஸ் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை இப்படிப் படித்தே காட்டினார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதிகூடத் தேவைப்படவில்லை. ஏஎம்டி புராசஸர்கள் இதில் தப்பின.

தீர்வு, கெர்னலின் பக்கங்களைக் கிழித்துத் தனிப் புத்தகமாக வைப்பது. அதனால் கெர்னலைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என சிஆர்3 மாறுகிறது. ஹாஸ்வெல் மற்றும் அதற்கு முந்தைய புராசஸர்களில் சிலர் வேகக் குறைவை உணரலாம் என்று மைக்ரோசாஃப்டே அப்போது ஒப்புக்கொண்டது. ஆஃப் செய்யச் சொல்கிறவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாற்றத்திற்குச் சில நூறு கிளாக் சைக்கிள் ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் புராசஸரில் 300 சைக்கிள் என்பது ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு. ரேம் போதாமல் ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து வர சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். அதாவது 1 லட்சம் மடங்கு! 4 ஜிபி ரேமும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள கம்ப்யூட்டர் தவழ்வதற்குக் காரணம் எது என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். இன்டர்நெட்டும் பென் டிரைவும் எட்டிப் பார்க்காத, பில் மட்டும் போடும் கம்ப்யூட்டர் என்றால் பாதுகாப்பை ஆஃப் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

உங்கள் கம்ப்யூட்டரில் முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே ஆஃப் செய்திருக்கலாம். கிப்சன் ரிசர்ச் தரும் 'இன்ஸ்பெக்டர்' என்ற இலவச புரோகிராம் நிலவரத்தைக் காட்டும். மெல்ட்டவுன் பாதுகாப்பு இல்லை என்று காட்டினால், அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பாதுகாப்பை எனேபிள் செய்யும் பட்டனை அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிய புராசஸர்களில் இன்டெல் இதை ஹார்டுவேரிலேயே சரிசெய்துவிட்டதால், அவற்றில் இந்த வேலையே கிடையாது.