பாத்துக்கலாம் மாப்ள

திருப்பூரில் எட்டு மிஷின் போட்டு நிட்டிங் ஓட்டுகிறேன். நூல் எக்ஸ்போர்ட்டருடையது, துணியாக்கிக் கொடுக்க எனக்குக் கிலோ கணக்கில் கூலி. என்னிடமிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், காஜா, செக்கிங் என்று கை மாறிக் கை மாறித்தான் பனியன் பெட்டிக்குள் போகும். இத்தனை கைகளுக்கும் நடுவில் ஓடுவது ஒரு டிசி (டெலிவரி சலான்) சீட்டும் ஒரு போனும்தான். போன மாதம் வரை ஒப்பந்தம் என்று யாரிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை.

அதற்கு அவசியமும் வந்ததில்லை. ஒருமுறை சாயத்துக்கு லாட் அனுப்ப வேண்டிய ராத்திரி ஊசி உடைந்து சிலிண்டர் அடிபட்டது. பக்கத்துத் தெரு நிட்டிங்காரரிடம் அதே டயா, அதே கேஜ் மிஷின் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த தன் ரோலை இறக்கிவிட்டு என் நூலை ஏற்றினார். ரேட் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊருக்குள் பாதிப் பேர் மாமன், மச்சான், பங்காளி. மீதிப் பேர் ஒன்றாக டீ குடித்துப் பழகியவர்கள்.

பில்லை நீட்டும்போதுதான் இந்த உறவு சுருங்கிவிடுகிறது. "பையர் பணம் வரல மாப்ள, பாத்துக்கலாம்" என்பார்கள். 90 நாள் ஆகும், 120 நாளும் ஆகும். கரண்ட் பில்லுக்கு நான் மாப்பிள்ளை இல்லை.

சிறு, குறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் கெடு 15 நாள்தான். ஆக, எழுதாமல் நம்பிப் பழகும் எங்களுக்குத்தான் சட்டப்படி சீக்கிரம் காசு வர வேண்டும்! 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) சேர்ந்தது: கெடு தாண்டினால், பணம் தர வேண்டியவர் அதைக் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்டலாம். அது வந்ததும், நான் சிறுதொழில் என்ற பதிவே இல்லாவிட்டால் தனக்குக் கெடு இல்லை என்று ஒருவர் என்னிடம் கேட்டார், "உத்யம் பதிவைக் கேன்சல் பண்ணிடு மாப்ள." உறவுக்காரர்தான்.

கருத்தரங்குகளில் நம்பிக்கைக்கு உதாரணமாக எங்களுக்கு ஜப்பான் கதை சொல்வார்கள். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான ஒரு சிறு வால்வு கிட்டத்தட்ட அங்கே மட்டும்தான் தயாரானது. கார் ஆலைகள் நின்றன. ஐசின் வரைபடங்களைக் கொடுக்க, தையல் மிஷின் செய்யும் பிரதர் வரைக்கும் விலை பேசாமலே வால்வு கடைந்து தந்தார்கள். ஒரு வாரத்தில் ஆலைகள் ஓடின. கைதட்டல். அதோடு கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் நேரடிச் செலவை ஐசின் கொடுத்துத் தீர்த்தது. டொயோட்டாவும் தன் நேரடி சப்ளையர்களுக்கு, அந்தக் காலாண்டில் அவர்கள் தனக்கு விற்றதில் 1 சதவீதத்தைக் கொடுத்தது. அங்கே கூலி பேசாமல் இறங்கியவன் ஏமாளி ஆகவில்லை. அடுத்த தீக்கும் அவன் வருவான்.

போன மாதம் முதல் என் டிசியில் 'கூலி 30 நாள்' என்று அச்சடித்திருக்கிறேன். மாமா ஒருவர் போன் போட்டார்: "என்ன மாப்ள, நம்பிக்கை இல்லியா?" இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இன்று 22-ஆம் நாள்.