கமால் தப்பு, ஜமால் சரியா?

ஹைதராபாதுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. பொழப்பு, ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதுவது. அரபு நாடுகளிலிருந்து சிகிச்சைக்கு நிறைய பேர் வருவதால் மொழிபெயர்ப்பாளர்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

போன மாசம் ஒரு எகிப்துக்காரர். பாஸ்போர்ட்டில் பெயர் கமால் ('தங்கம்' என்பதில் வரும் 'க' போல). மொழிபெயர்ப்பாளர் அதை 'ஜமால்' என்று பதிந்துவிட்டார். வேறு பிரிவில் பாஸ்போர்ட்டைப் பார்த்து 'கமால்' என்று இன்னொரு கோப்பு. பென்சிலின் ஒத்துக்காது என்ற குறிப்பு முதல் கோப்பில். ஊசியோடு வந்த நர்ஸ் கையில் இரண்டாவது. கூட இருந்த மகள் சத்தம் போட்டதால் தப்பித்தார்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால், "எகிப்துக்காரங்களுக்கு ஜீம் வராது சார், நான் திருத்திட்டேன்" என்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்?

வராதாம்! கெய்ரோவின் காரிகள் குர்ஆன் ஓதிய பதிவுகளைக் கேளுங்கள். ஜீம் அச்சு அசலாக 'ஜ' தான். ஓதும்போது ஒன்று, வீட்டில் ஒன்று. நாம் மேடையில் ஒரு தமிழும் டீக்கடையில் ஒரு தமிழும் பேசவில்லையா?

'ஜ' என்பது அடைப்புரசொலி. நாக்கு அண்ணத்தை அடைத்து, பிறகு உரசிக்கொண்டே விடும். நம்ம 'பச்சை', 'மஞ்சள்' இரண்டிலும் அதுதான். செமிட்டிக் மொழிகளின் ஆதியில் இந்த இடத்தில் இருந்தது வெறும் 'க' (தங்கத்து க). ஒட்டகத்துக்கு அரபியில் ஜமல், எபிரேயத்தில் கமல். ஆங்கில 'கேமல்' அந்த வழியில் வந்ததுதான். கெய்ரோக்காரர் பழையதைக் காப்பாற்றினாரா, திரும்பி வந்து சேர்ந்தாரா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். எப்படியும் அது நாக்கு சரியில்லாததால் வந்த கோளாறு இல்லை.

"இலக்கணம் என்ன சொல்லுது?" என்பீர்கள். 8ம் நூற்றாண்டின் சீபவைஹி, 'காஃப்' போல ஒலிக்கும் ஜீமை ஓதுவதற்கு ஏற்காத ஒலிகளில் வைத்தது உண்மை. ஆனால் அவரே தன்னுடைய ஜீமை நடுநாக்கில் பிறக்கும், மூச்சை முழுசாக அடைக்கும் ஒலி என்கிறார். உரசல் வால் ஒட்டிய இன்றைய 'ஜ' அதுதானா என்பதே சந்தேகம். அப்போ எல்லாரும் தப்பா?

பெய்ரூட்டில் ஜீம் வெறும் உரசலாகிவிடும். குவைத்தில் பல சொற்களில் 'ய' ஆகிவிடும். ஈராக்கிலும் வளைகுடாவிலும் நாயைக் குறிக்கும் 'கல்ப்', பேச்சில் 'ச்சல்ப்' (பச்சையின் ச்ச). அவர்களை யாரும் திருத்துவதில்லை, எகிப்துக்காரர் மட்டும் இளிச்சவாயர்!

இதில் வேடிக்கை, திருத்தியவர் பழைய ஹைதராபாதி. அடித்தொண்டை 'காஃப்' வந்தால் அவர் வாயில் அது 'ஃக' என்று உரசும், குதுப் ஷா 'ஃகுதுப்' ஆவார். நான் அதைக் குறை சொல்லவில்லை. அது அவர் ஊர்ப் பேச்சு. அதே மரியாதையை அடுத்தவருக்கும் கொடுங்கள் என்கிறேன்.

ஓதும்போது ஜீமைத் திருத்துங்கள், அது மார்க்கம். மனுஷன் பெயரைத் திருத்தாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். உங்கள் 'சுத்த' அரபி, இன்னொருத்தர் உடம்பில் ஏறும் ஊசி.