எஞ்சின் எண்ணெயில் ஜலக் கலப்பு

டிராக்டர் எஞ்சினின் எண்ணெய், பால் கலந்த காப்பியைப் போல் வெளுத்திருக்கக் கண்டவுடன், அதை வடித்துவிட்டுப் புது எண்ணெய் வார்த்தால் போதுமெனக் குடியானவர் பலர் கருதுகின்றனர். இது வீண்செலவாகும். ஜலம் புகுந்த வழியை அடைக்காதவரை புது எண்ணெயும் கெடும் என்பதே என் அபிப்பிராயம்.

ஜலம் எண்ணெயினும் கனமானது. ஆகையால் இராமுழுவதும் நின்ற எஞ்சினை ஓட்டுமுன், எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகைச் சற்றே தளர்த்தினால், தனித்து நிற்கும் ஜலம் முதலில் வடியும். எண்ணெயோடு கலந்துபோன ஜலத்தை அறிய, நன்கு சூடேறிய இரும்புத் தகட்டில் ஒரு துளி விடுக. சடசடவென வெடித்தால் ஜலம் உண்டு. முகத்தை விலக்கிக்கொள்ளல் அவசியம்.

அடுத்து, வந்த வழியை ஆராய வேண்டும். எண்ணெய் வார்க்கும் வாயின் மூடியில் மட்டும் வெண்ணுரை காணப்பட்டு, ரேடியேட்டர் ஜலமும் குறையாதிருப்பின், அது பெரும்பாலும் சிறிது நேரமே ஓட்டி நிறுத்துவதால் உள்ளே வேர்த்த ஈரமாகும். நன்கு சூடேறும்வரை வேலை கொடுத்தால் நீங்கும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் ஏறி, ரேடியேட்டரில் ஜலம் குறைந்துவரின், ஹெட் காஸ்கெட்டோ சிலிண்டர் லைனரின் ரப்பர் வளையமோ பழுதாகியிருக்கலாம். அந்நிலையில் ஓட்டுதல் கூடாது. ஜலம் கலந்த எண்ணெய் வழுவழுப்புக் குன்றிப் பேரிங்குகளையும் கிராங்குத் தண்டையும் தேயவிடும்.

உழவுப் பருவத்தில் இரண்டு நாள் நிற்பது நஷ்டமே. எஞ்சின் பாழாகிப் பருவம் முழுதும் நிற்பதோ பெருநஷ்டம். ஆதலின் முதலில் பரீக்ஷை, பின்னர் பழுது நீக்கம், கடைசியிலேயே எண்ணெயும் பில்டரும் மாற்றுதல் என்னும் முறையைக் கைக்கொள்க. கிராம அதிகாரிகளும் இதனைக் குடியானவர்க்கு எடுத்துரைப்பாராக.