இன்ப முடிவும் ஒரு குற்றச்சாட்டே

"முரண்பாடு இல்லையேல் இலக்கியம் இல்லை" என்பது நம்மவருட் சிலர் மனப்பாடஞ் செய்து வைத்திருக்கும் சூத்திரம். ஆணும் ஆணும் காதலித்து, பெருந்துயர் எதுவுமின்றி மகிழ்வுடன் வாழ்வதைக் கூறும் கதைகளையும் இச் சூத்திரங் கொண்டே அவர்கள் அளக்கின்றனர். 'கனவுலகச் சஞ்சாரம்', 'நசிவு இலக்கியம்' என்று தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். இத் தீர்ப்பை நாம் மறுக்கின்றோம்.

இத்தகைய கதைகளுக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்க எழுத்தாளர் ன்கோஸி உகாஸுவின் 'செக், பிளீஸ்!' என்னும் சித்திரக் கதையைக் கொள்வோம். 2013 இல் தொடராகத் தொடங்கிய இக் கதை 2018 இலும் 2020 இலும் இரு நூல்களாக வெளிவந்தது. ஜோர்ஜியா மாநிலத்து இளைஞன் எரிக் பிற்றில் பல்கலைக்கழகப் பனி ஹொக்கி அணியிற் சேர்கிறான். பனிச்சறுக்கு நடனம் பயின்றவன். பலகாரஞ் சுடுவதில் வல்லவன். எதிரியை உடலால் மோதித் தடுப்பது அவ்விளையாட்டின் இயல்பு. அம்மோதலுக்கே அவன் அஞ்சுகிறான். அணித் தலைவன் ஜாக் சிமர்மன் விடியற்காலையில் அவனுக்குப் பயிற்சியளிக்கிறான். மெல்ல மெல்ல இருவரிடையே காதல் மலர்கிறது. பெற்றோரிடம் சொல்ல அஞ்சிய உண்மையை எரிக் தோழரிடம் சொல்கிறான். அவர்கள் அவனை ஒதுக்கவில்லை. அணியினர் வாழும் வீட்டின் அடுக்களையைச் சுற்றி ஒரு குடும்பமே உருவாகிறது.

இதில் முரண்பாடு எங்கே என்று கேட்கின்றனர். நூலுக்கும் நூலுக்கு வெளியேயுள்ள உலகுக்கும் இடையில் அது நிற்கிறது என்பதே நமது விடை. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக் 1917 இல் தோன்றியது. அதன் அணியொன்றுடன் ஒப்பந்தஞ் செய்த ஆட்டக்காரர் ஒருவர் தாம் தன்பாலீர்ப்புடையவர் என்று பகிரங்கமாகக் கூற 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு கூறிய முதல்வரான லூக் புரொக்கோப்புக்கு அப்போது வயது 19. 2023 ஒக்ரோபரில் ஆட்டக்கோலில் வானவில் வண்ண நாடா சுற்றுவதையும் அந்த லீக் தடைசெய்தது. டிராவிஸ் டெர்மொட் என்ற ஆட்டக்காரர் தடையை மீறி நாடாவைச் சுற்றி ஆடினார்; சில நாட்களில் தடை நீக்கப்பட்டது. ஒரு முழ நாடாவுக்கே அஞ்சிய களத்தில், இருவர் அச்சமின்றிக் காதலிப்பதாக எழுதுவது அக்களத்தின்மீது சாட்டும் குற்றமன்றோ?

வரலாறும் நமக்குச் சான்று பகரும். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். போஸ்டர் இரு ஆடவர் காதலைக் கூறும் 'மோரிஸ்' நாவலை 1913–14 இல் எழுதினார். காதலர் பிரிந்தோ மாண்டோ போயிருப்பின் அதனைச் சமூகம் பொறுத்திருக்கும் என்பதை அவர் அறிவார். அறிந்தும் இன்ப முடிவை மாற்றவில்லை. அவர் 1970 இல் மறைந்த பின்னர், 1971 இலேயே அந்நாவல் அச்சேறியது. ஆட்சியாளர் அஞ்சியது துயரத்தையன்று, மகிழ்ச்சியையே.

தொழிலாளியைப் பற்றிய நாவலில் வேலைநிறுத்தம் தோற்றே தீரவேண்டும் என்று எந்த முற்போக்காளனும் விதிப்பதில்லை. அவ்வாறிருக்க, இக்காதலர் மட்டும் நமது கண்ணீருக்காகச் சாகவேண்டுமென எதிர்பார்ப்பது எந்த யதார்த்தம்? பிறர் துன்பத்தைச் சுவைக்கும் பழைய மேட்டிமையே புதிய சூத்திரத்துள் ஒளிந்து நிற்கிறது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. பதிப்பகத்தாருக்கு இம்மகிழ்ச்சியும் ஒரு விற்பனைப் பண்டமே. நூல்கள் விற்றுத் தீர்வதால் களத்தின் கதவு தானே திறந்துவிடாது. அக்கதவைத் திறப்பது டெர்மொட் போன்றோரின் மறுப்பும், அவரோடு நிற்போரின் எண்ணிக்கையுமே.

ஆசிரியரே, மாணவரே! நமது வகுப்பறையின் பின்வரிசையிலும் தன் உண்மையைச் சொல்ல ஆளின்றி ஒருவன் அமர்ந்திருக்கலாம். தண்டனையும் தற்கொலையும் நிறைந்த கதைகளை மட்டுமே அவனுக்குக் கொடுத்து, அதனை யதார்த்தமென்று போதிக்க நமக்கு உரிமையில்லை.