யாருக்கு விரைவு? – அடைவுச் சேவையகங்களின் இசைவாக்கம் குறித்து ஒரு மறுப்புரை

கணனி தொடர்பான வினாக்கள் யாவும் கணனி அறிந்தோர்க்கே உரியன என்னும் கருத்து இன்று பல்கலைக்கழகச் சூழலில் ஏறத்தாழ ஒரு மரபாகவே நிலைபெற்றுவிட்டது. கலைப்பீடத்தார் அவ்வழி செல்வதில்லை. செல்வோரை மறுசாரார் வரவேற்பதுமில்லை. இரு சாராரும் தத்தம் எல்லைக்குள் நின்றுகொள்வதால் விளையும் தீங்கு யாதென்பதை அறிவதற்குப் பெரும் பொருள்களைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. மிகச் சிறியதாகவும் சலிப்பூட்டுவதாகவும் தோன்றும் ஒரு பொருளே போதுமானது. அடைவுச் சேவையகம் ஒன்றின் தரவுத்தளத்தை வெவ்வேறு வேலைச்சுமைகளுக்கு எவ்வாறு இசைவாக்குவது என்பதே அப்பொருள்.

அடைவுச் சேவையகம் என்பது ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தோரின் பெயர், பதிவெண், கடவுச்சொல், திணைக்களம், மின்னஞ்சல் முகவரி முதலியவற்றைப் பதிந்து வைத்துக்கொண்டு, பிற கணனிகள் கேட்குந்தோறும் விடையளிக்கும் அமைப்பாகும். மாணவர் ஒருவர் நூலகக் கணனியிலே தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இடும்பொழுது, ‘இவர் இன்னார்தாமா?’ எனச் சரிபார்ப்பது பல நிறுவனங்களில் இதுவே. 1988 இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.500 என்னும் சர்வதேச நியமத்திலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. அந்நியமம் சாதாரண கணனிகளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தமையால், மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரின் முயற்சியோடு 1993 இல் எல்டப் என்னும் எளிய நெறிமுறை வெளியாயிற்று. அப்பல்கலைக்கழகத்தின் நிரலை அடியாகக் கொண்டு 1998 இல் ஓப்பன் எல்டப் என்னும் பொதுமுயற்சி உருவாயிற்று. இன்று பல நாடுகளில் வழங்கும் அடைவுச் சேவையகங்களுள் அதுவும் ஒன்று.

இம்மரபு தோன்றிய காலத்திலேயே அதனுடன் ஒரு நம்பிக்கையும் தோன்றியது. அடைவிலே படித்தல் மிகுதி, எழுதுதல் அரிது என்பதே அந்நம்பிக்கை. தொலைபேசி விபரக்கொத்தை மனத்திற் கொண்டோர்க்கு அது இயல்பானதே. ஆயின், காலப்போக்கில் அந்நம்பிக்கை ஒரு சூத்திரமாக இறுகிவிட்டது. ‘அடைவுக்கு இன்ன இன்ன அமைவுகளே சிறந்தவை, பிறர் எழுதி வைத்திருப்பதைப் படியெடுத்தால் வேலை முடிந்தது’ என்பதே இன்று பரவலாக நிலவும் வழக்கம். இக்கட்டுரை மறுக்க முனைவது இச்சூத்திரத்தையே.

இசைவாக்கம் என இங்குச் சுட்டப்படுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், இசைக்கருவிக்குச் சுருதி கூட்டுவதைக் குறிப்பது. கச்சேரியிலே வயலின் கலைஞர் பாடகரின் சுருதிக்கே தம் தந்திகளைக் கூட்டுகிறார். எல்லாப் பாடகர்க்கும் பொருந்தும் சிறந்த சுருதி என ஒன்று இல்லை. அவ்வாறு ஒன்று உண்டெனச் சாதிப்பவரை எவரும் வித்துவான் என மதியார். கணனி உலகிலோ அத்தகைய சாதிப்பே நிபுணத்துவம் எனக் கொள்ளப்படுகிறது.

சுட்டிகளை முதலில் நோக்கலாம். நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போன்று, இன்ன பெயர் இன்ன பதிவில் உள்ளது எனக் காட்டும் பட்டியலே சுட்டி. சுட்டி இல்லையேல் ஒரு பெயரைத் தேட ஒவ்வொரு பதிவையும் புரட்டவேண்டும். அதனால் எல்லாவற்றிற்கும் சுட்டி அமைப்பதே நன்று எனச் சிலர் கருதுகின்றனர். ஆயின் பதிவு ஒன்று மாறும்பொழுதெல்லாம் அதனைத் தொடும் ஒவ்வொரு சுட்டியும் மாற்றி எழுதப்படவேண்டும். படிப்போர்க்குக் கிடைக்கும் வேகத்திற்கு விலை செலுத்துவோர் எழுதுவோரே. அன்றியும், ஏறத்தாழ எல்லாப் பதிவுகளுக்கும் பொதுவான ஒரு பண்புக்கூற்றிற்கு ‘இது உள்ளதா?’ எனக் கூறும் சுட்டி எதனையும் வேறுபடுத்திக் காட்டாது. ஓப்பன் எல்டப்பில் ஒரு சுட்டிச்சொல்லின் கீழ் வழமையாக 65,536 பதிவுகள் வரையே தனித்தனியே குறிக்கப்படும். அதற்கு மேற்பட்டால், ‘இவ்வெண்ணிலிருந்து இவ்வெண் வரை’ என்னும் வீச்சாக அப்பட்டியல் சுருக்கப்படும். எனவே எதற்குச் சுட்டி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அவ்விடத்து மக்கள் எதனைத் தேடுகின்றனர் என்பதை அறிந்தாலன்றித் தீர்மானிக்க முடியாதது.

படித்தல் மிகுதி என்னும் நம்பிக்கையும் இன்று பழையபடி நிலைக்கவில்லை. உட்புகும் செயல் வெளிப்பார்வைக்கு ஒரு படித்தலே. ஆயின் கடவுச்சொற் கொள்கை நடைமுறையில் உள்ளவிடத்துத் தவறான ஒவ்வொரு முயற்சியும் நேரத்தோடு பதியப்படுகிறது. இறுதியாக உட்புகுந்த நேரத்தையும் பதிய விரும்பினால், சரியான முயற்சியும் ஓர் எழுத்தாகிவிடும். பாடப்பதிவின் முதல் நாளன்று பல்லாயிரவர் ஒருங்கே வரும்பொழுது, ‘படிக்கும் அடைவு’ என எண்ணி அமைக்கப்பட்டது எழுதும் அடைவாக மாறிவிடுகிறது. மைக்ரோசொப்ட் நிறுவனம் இதனை முன்னரே உணர்ந்திருந்தது. 2003 ஆம் ஆண்டின் விண்டோஸ் சேவையகத்திலே அது சேர்த்த உட்புகுநேரக் குறிப்பு, வழமையான அமைவில், பழைய குறிப்பு ஏறத்தாழ ஒன்பது முதற் பதினான்கு நாள் வரை பழையதானாலன்றிப் புதுப்பிக்கப்படுவதில்லை. துல்லியத்தை விட்டுக்கொடுத்துச் சுமையைக் குறைத்தனர். இது சரியா தவறா என்பதைப் பொறியியல் மட்டும் கூறிவிட முடியாது. கணக்கொன்று கைவிடப்பட்டதா எனப் பார்ப்பவர்க்கு அது போதும். நேற்று அதனைத் திறந்தவர் யார் என வினவுபவர்க்கு அது பயன்படாது.

ஒரே அமைவு ஒருவேளைக்கு அறிவுடைமையாகவும் மறுவேளைக்கு அறியாமையாகவும் அமைவதற்கு வேறொரு சான்றுண்டு. எழுதப்பட்ட மாற்றம் ஒவ்வொன்றும் உடனடியாக வட்டிலே நிலைபெறவேண்டும் என்னும் விதியைத் தளர்த்தினால் எழுதும் வேகம் பெரிதும் உயரும். புதிய கல்வியாண்டின் மாணவர் பெயர்களை மொத்தமாக ஏற்றும்பொழுது அவ்வாறு தளர்த்துவதிற் பிழையில்லை. இடையில் மின் தடைப்பட்டால் மூலக்கோப்பிலிருந்து மீண்டும் தொடங்கலாம். அதே தளர்வு நாளாந்த நடைமுறையிலும் தொடருமாயின் நிலைமை வேறு. மாணவி ஒருவர் கடவுச்சொல்லை மாற்றுகிறார். ‘மாற்றப்பட்டது’ எனச் சேவையகம் உறுதி கூறுகிறது. அடுத்த கணம் மின் அறுந்தால் அவ்வுறுதி பொய்யாகிவிடலாம். கையேடுகளே இவ்வபாயத்தைத் தெளிவாகக் குறிப்பிடுகின்றன. எனினும் வேகத்தைப் புகழ்ந்துரைப்போர் அவ்வரியை வாசிப்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. மின்சாரம் தடைப்படாத நாடொன்றிலே ஒருவர் தம் சேவையகத்திற்கு வகுத்த அமைவை இங்குள்ளோர் கண்ணை மூடிக்கொண்டு படியெடுப்பது எத்தகைய பேதைமை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இவற்றிற்கு எதிராக வலுவானதொரு வாதம் கூறப்படுவதுண்டு. ‘இவையெல்லாம் பழங்கதை, நினைவகத்தைக் கூட்டினால் யாவும் தீரும்’ என்பதே அது. இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. முன்னர் ஓப்பன் எல்டப் பேர்க்லி தரவுத்தளத்தை நம்பியிருந்த காலத்தில் தரவுத்தளத்திற்கு ஒன்று, பதிவுகளுக்கு ஒன்று, சுட்டிப் பட்டியல்களுக்கு ஒன்று எனப் பல இடைநினைவுகளின் அளவைத் தனித்தனியே கணித்து அமைக்க நேர்ந்தது. 2011 இல் ஹவாட் சூ ஆக்கிய எல்.எம்.டி.பி. என்னும் தரவுத்தளம் கோப்பு முழுவதையும் நினைவக முகவரிகளோடு பொருத்தி, எதனை நினைவகத்தில் வைத்திருப்பது என்னும் பொறுப்பை இயங்குதளத்திடமே விட்டுவிட்டது. படிப்போர் எழுதுவோரைத் தடுப்பதில்லை. எழுதுவோர் படிப்போரைத் தடுப்பதுமில்லை. 2021 இல் வெளியான 2.5 ஆம் பதிப்பிலிருந்து பழைய பேர்க்லி வழி நீக்கப்பட்டது.

ஆயினும், ஒரு கவலை நீங்கியமையால் எல்லாக் கவலையும் நீங்கிவிட்டது எனக் கொள்வது தருக்கப் பிழை. எல்.எம்.டி.பி.யில் ஒரு நேரத்தில் எழுதக்கூடியவர் ஒருவரே. நெடுநேரம் முடியாதிருக்கும் ஒரு படித்தல், பழைய பக்கங்கள் மீளப் பயன்படுவதைத் தடுத்துக் கோப்பை வீங்கச் செய்யும். கோப்பின் உச்ச அளவு, எவரும் மாற்றாதவிடத்து, 1,04,85,760 பைற்று மட்டுமே. அது நிரம்பினால் புதிதாக எதனையும் எழுத இயலாது. எதற்குச் சுட்டி, எழுத்து எப்பொழுது வட்டில் நிலைபெறும், எவ்வளவு வளர்ச்சிக்கு இடம் ஒதுக்குவது என்னும் மூன்று வினாவும் முன்போலவே எஞ்சி நிற்கின்றன. நினைவகத்தை விலைக்கு வாங்கலாம். தீர்மானத்தை வாங்க இயலாது.

தீர்மானம் யாரைச் சென்று தாக்குகிறது என்பதற்குத் தமிழ்ப் பெயர்களே தக்க சான்று. அடைவு நியமத்திலே ‘ஆள்’ என்னும் வகைப் பதிவு ஒவ்வொன்றிற்கும் குடும்பப்பெயர் கட்டாயமானது. குடும்பப்பெயர் வழக்கில்லாத தமிழர் அவ்விடத்திலே தந்தையின் பெயரை இட்டு நிரப்புகின்றனர். அப்பண்புக்கூற்றிற்குச் சிறந்த சுட்டி அமைத்து, தமிழர் உண்மையில் அழைக்கப்படும் பெயரைச் சுட்டியின்றி விட்டால், தேடுவோர் தம் நண்பரைத் தந்தையின் பெயராலேயே விரைவாகக் காண்பர். ஒத்த ஒலியுடைய பெயர்களைத் தேட உதவும் வசதியோ ஆங்கில உச்சரிப்பை அடியாகக் கொண்டது. தமிழெழுத்திற்கு அதனாற் பயனில்லை.

இதனினும் நுண்ணியதொரு செய்தி உண்டு. பெயரின் தொடக்கத்தைக் கொண்டு தேடுவோர்க்கான சுட்டியிலே ஓப்பன் எல்டப் வழமையாக நான்கு அலகு வரையே நோக்குகிறது. கையேடு அவ்வலகை ‘எழுத்து’ என்கிறது. நிரல் எண்ணுவதோ பைற்றை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று. எனவே நான்கு எழுத்து முழுமையாகக் கிடைக்கும். 1997 இல் வந்த எல்டப் மூன்றாம் பதிப்பு ஏற்றுக்கொண்ட யூ.ரி.எவ்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றிற்கும் மூன்று பைற்று. அவற்றுள் முதலாவது எல்லாத் தமிழ்க் குறியீட்டிற்கும் ஒன்றே. ஆகவே நான்கு பைற்று என்பது முதற் குறியீடும், அதனை அடுத்து எல்லாப் பெயர்க்கும் பொதுவான ஒரு பைற்றும் மட்டுமே. உயிர்மெய்யின் உயிர்க்குறி தனிக் குறியீடாக இருத்தலின் அதுகூட அச்சுட்டிக்குத் தெரியாது. கமலா, குமார், கைலாசம், கோபால் ஆகிய நால்வரும் அச்சுட்டியில் ஒருவரே. நூலகமொன்றில் ‘க’ வரிசை அட்டைகள் முழுவதையும் ஒரே இழுப்பறையிற் கொட்டி வைத்ததற்கு இது ஒப்பாகும். விடை பிழையாக வராது. தேடியவர் காத்திருக்க நேரும், அவ்வளவே. அலகின் அளவைக் கூட்டிச் சுட்டிகளை மீண்டும் கட்டினால் இக்குறை பெரிதும் நீங்கும். அதற்கு விலையாகச் சுட்டியின் பருமன் வளரும். இவ்விலையைச் செலுத்துவது தகுமா என்னும் வினாவை எழுப்பவேண்டியவர், தமிழ்ப் பெயர் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை அறிந்தவரே.

‘பதிவுகள் யாவும் ஆங்கிலத்திலேயே உள்ளன, ஆதலின் இவ்வினா எழவில்லை’ என்பர் சிலர். இது விளைவைக் காரணமாகக் காட்டும் வாதம். தமிழிலே தேடுதல் மெதுவாக இருக்கும் இடத்திலே தமிழிற் பதிய எவரும் முன்வாரார். எவரும் முன்வராமையைக் காட்டி அவ்வசதி தேவையில்லை என்பர். 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை, எவரும் பார்வையிடாத ஓர் அமைவுக்கோப்பிலே ஓசையின்றி மறுக்கப்படுவதற்கு இடமளித்தலாகாது.

இவ்விடத்துக் கணனி வல்லுநரைக் குறைகூறுவது நோக்கமன்று. யாருடைய தேவை யாதென அவர்க்கு எவரும் கூறாதவிடத்து, அவர் படியெடுத்த சூத்திரத்தை நாடுவது இயல்பே. குற்றம் கூறாமல் இருந்தோரிடத்தும் உளது. கவிதையின் ஒரு சொல்லைப் பற்றி நாட்கணக்கில் விவாதிக்கும் கலைப்பீடம், தன் மாணவரின் பெயர் எவ்வாறு தேடப்படுகிறது என்பதிற் பாராமுகமாக இருப்பது புலமைக்கு அழகன்று.

செய்யவேண்டுவன அரியனவுமல்ல. முதலாவதாக, அமைவை மாற்றுமுன் வேலைச்சுமையை அளத்தல் வேண்டும். சுட்டியில்லாத பண்புக்கூற்றை எவரேனும் தேடின் அதனை ஓப்பன் எல்டப் தன் செயற்பதிவேட்டிலே குறித்து வைக்கவல்லது. அக்குறிப்பை வாசிப்போரே வேண்டும். இரண்டாவதாக, மொத்தமாக ஏற்றும் நாளுக்கும் நாளாந்தப் பணிக்கும் வெவ்வேறு அமைவு வகுத்து, ஏற்றம் முடிந்ததும் தளர்த்திய விதியை மீட்டல் வேண்டும். மூன்றாவதாக, தமிழ், சிங்களப் பெயர்களைக் கொண்டே சோதனை நடத்தல் வேண்டும். நான்காவதாக, எத்தேடலுக்கு முதன்மை அளிக்கப்பட்டது, எவ்விழப்பு ஏற்கப்பட்டது என்பதை யாவரும் விளங்கும் மொழியில் எழுதி வெளியிடல் வேண்டும்.

விரைவு என்பது தனித்து நிற்கும் ஒரு குணமன்று. அது ஒருவருக்கு அளிக்கப்படுவது, பெரும்பாலும் இன்னொருவரிடமிருந்து எடுத்து அளிக்கப்படுவது. அப்பங்கீடு அறிந்து செய்யப்படுகிறதா, அறியாமற் செய்யப்படுகிறதா என்பதே வினா. அறிந்து செய்யப்படவேண்டுமாயின், கணனி அறையின் கதவைத் தட்டும் கடமை கலைப்பீடத்திற்கும் உண்டு. தட்டுவோர்க்குக் கதவைத் திறக்கும் கடமை உள்ளிருப்போர்க்கும் உண்டு.